போல்ட் மூடினால் போதுமா?

அமெரிக்காவில் தன் ரைஃபிளின் தேய்ந்த குழலைக் கழற்றிவிட்டு, வீட்டுப் பட்டறையிலேயே புதுக் குழல் மாட்டியவரிடம், வேலை சரியாக முடிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். “கோ கேஜ்மேல் போல்ட் மூடுகிறது, நோ-கோ கேஜ்மேல் மூடவில்லை” என்பார். விசாரணை அத்தோடு முடிந்தது. ஹெட்ஸ்பேஸ் சரி, ஹெட்ஸ்பேஸ் சரியென்றால் துப்பாக்கி சரி, இனி சுடலாம். விரல் நீளமுள்ள இரண்டு எஃகுத் துண்டுகள் கொடுத்த நற்சான்றுக்கு மேல் இன்னொன்று வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை.

என் சண்டை இந்த நம்பிக்கையோடுதான். கேஜோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை; அது கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறது. அதனிடம் கேட்பது ஒரே ஒரு நீளத்தைப் பற்றி. வாங்கிக்கொண்டு போவதோ துப்பாக்கி, தோட்டா, சுடுகிறவரின் கண், கை அத்தனைக்கும் சேர்த்து ஓர் உத்தரவாதம்.

முதலில் அது என்ன நீளம் என்று பார்த்துவிடலாம். குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் நுழையும் தோட்டா எங்கேயாவது ஓரிடத்தில் முட்டி நின்றாக வேண்டும். .308 வின்செஸ்டர், .30-06 போன்ற விளிம்பில்லாத தோட்டாக்கள், கூடு கழுத்தாகக் குறுகும் தோளில் முட்டி நிற்கும். .303 பிரிட்டிஷ் பின்புற விளிம்பில் நிற்கும். பெல்ட் வைத்த மேக்னம் தோட்டா அந்தப் பெல்ட்டில். மூடிப் பூட்டிய போல்டின் முகத்திலிருந்து இந்த முட்டும் இடம் வரைக்குமான தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். .308-க்கு கோ கேஜின் அளவு 1.630 அங்குலம், நோ-கோ 1.634, உழைத்துத் தேய்ந்த துப்பாக்கியைச் சோதிக்கும் ஃபீல்டு கேஜ் 1.638. கோவுக்கும் நோ-கோவுக்கும் நடுவே 0.004 அங்குலம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

சுடும்போது என்ன நடக்கிறது? ஊசி பிரைமரை அடிக்கிறது. அந்த அடியிலேயே தோட்டா முன்னால் தள்ளப்பட்டு, அதன் தோள் அறையின் தோளில் போய்ப் பதிகிறது. மருந்து பற்றி அழுத்தம் ஏறுகிறது; .308-க்கு அனுமதித்த உச்சம் 62,000 பி.எஸ்.ஐ. பித்தளைக் கூட்டின் முன்பகுதிச் சுவர் மெல்லியது. அது உடனே உப்பி அறைச் சுவரைக் கவ்விக்கொள்ளும். அடிப்பகுதி தடிமனானது, கவ்வாது. போல்டின் முகம் எட்டும்வரை பின்னால் போகும். முன்பாதி நகராமல் பின்பாதி மட்டும் நகர்ந்தால் நடுவில் உள்ள பித்தளை இழுபடாமல் என்ன செய்யும்? எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு இழுப்பு. தடித்த அடிக்குச் சற்று மேலே, உட்புறத்தில், கூடு ஒரு வளையமாக மெலிகிறது. அதே கூட்டில் மறுபடி மறுபடி மருந்து நிரப்பிச் சுடும்போது வளையம் பள்ளமாகி, ஒருநாள் கூடு இரண்டாகப் பிரியும். முன்பாதி அறைக்குள் சிக்கிக்கொள்ள அடிப்பாதி மட்டும் வெளியே வரும். அத்தோடு போனால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் கொதிக்கும் வாயு போல்டின் வழியே முகத்துக்கு வரும்.

இதில் ஆபத்து எந்த எண்ணில் இருக்கிறது? அறையின் நீளத்திலிருந்து, அந்தக் கணத்தில் உள்ளே கிடக்கும் தோட்டாவின் நீளத்தைக் கழித்தால் வரும் மிச்சத்தில் இருக்கிறது. கேஜ் அளப்பது அந்தக் கழித்தலின் ஒரு பாதியை. மறுபாதி தோட்டா. அதைப் பற்றி கேஜுக்கு ஒன்றும் தெரியாது.

மறுபாதி ஒன்றும் சின்ன விஷயமில்லை. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்கள் 1926-இல் அமைத்துக்கொண்ட ஸாமி என்ற அமைப்பின் வரைபடத்தில் .308 அறையின் அளவு 1.630 முதல் 1.640 வரை போகலாம். தோட்டாவின் அளவு 1.627 முதல் 1.634 வரை போகலாம். இந்த நான்கு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பாதி மயக்கம் தெளியும். அனுமதித்தவற்றில் மிகப் பெரிய தோட்டா, அனுமதித்தவற்றில் மிகச் சிறிய அறையைவிட 0.004 அங்குலம் நீளமானது; போல்டைக் கொஞ்சம் அழுத்தித்தான் மூட வேண்டும். மிகச் சிறிய தோட்டா மிகப் பெரிய அறையில் விழுந்தால் 0.013 அங்குலம் ஆட்டம். இரண்டுமே தொழில்துறை அளவுக்கு உட்பட்டவைதான். கேஜ் காவல் காக்கும் வாசலின் அகலம் 0.004, அதன் காவலுக்கு வெளியே தோட்டா உலாவும் வெளியின் அகலம் 0.007.

கேஜ் வாங்கக் காசு செலவழிப்பானேன், புதுத் தோட்டா ஒன்றை அறையில் போட்டு அதன்மேல் போல்டை மூடிக் குழலை இறுக்கினால் ஆயிற்று என்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கே பதில். அந்தத் தோட்டா 1.627-ஆ, 1.634-ஆ? 1.627 தோட்டாவை வைத்து இறுக்கிய துப்பாக்கியில் அடுத்த டப்பாத் தோட்டா மூடாமல் போகலாம். மேலும், வைஸில் பிடித்த குழலை ஸ்பேனர் போட்டுத் திருகிக்கொண்டிருக்கும்போது உள்ளே உயிருள்ள தோட்டா இருப்பது எந்தச் சிக்கனத்திலும் சேராது. கோ கேஜின் அடியில் ஸ்காட்ச் டேப் ஒட்டி நோ-கோவாக்குகிறவர்களைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். எனக்கு அவ்வளவு பதற்றமில்லை. டேப்பின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு, அது நசுங்கும் என்பதை மனத்தில் வைத்து, விரல் நுனியால் மட்டும் போல்டை மூடிப் பார்க்கிறவர், இரண்டு கேஜும் வாங்கி வைத்து முழங்கை பலத்தில் போல்டை அமுக்கி மூடுகிறவரைவிடக் கவனமானவர்.

இங்கே பாலிடெக்னிக்கில் மெட்ராலஜி படித்தவர்களுக்கு டெய்லர் விதி நினைவிருக்கும். வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1905-இல் வகுத்தது. ஒரு துளையையோ தண்டையோ கேஜால் சோதிக்கும்போது, கோ கேஜ் அந்தப் பொருளின் முழு வடிவத்தையும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும். நோ-கோ ஒவ்வோர் அளவையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ பிளக் கேஜ் பிடித்த எந்தத் தொழிலாளிக்கும் இது கைப்பழக்கம். துப்பாக்கிக்காரர்களின் கோ கேஜை இந்த விதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் உடலை வேண்டுமென்றே அறையைவிட ஒல்லியாகக் கடைந்திருப்பார்கள். அடியும் தோளும் தவிர வேறெதுவும் அறையைத் தொடக்கூடாது என்பதுதான் நோக்கம். நீளத்தை மட்டும் தனியே பிரித்து அளப்பதற்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அறையின் விட்டம் பெரிதா, கழுத்து குறுகலா, அறையும் துளையும் ஒரே மையத்தில் இருக்கின்றனவா, குண்டு வரிப்பள்ளத்தைப் பிடிக்கும் தொண்டை எங்கே தொடங்குகிறது என்ற எதையும் அது தொடவில்லை. தொடாததைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாது. டெய்லர் கணக்கில் அது பாதி கோ கேஜ்.

இவ்வளவு சின்னச் சாட்சிக்கு இவ்வளவு பெரிய மரியாதை எப்படி வந்தது? காரணம் சட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிரிட்டனில் 1868-ஆம் ஆண்டின் ப்ரூஃப் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. புதுக் குழல் போட்ட துப்பாக்கியை விற்பதென்றால் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள ப்ரூஃப் ஹவுஸுக்குப் போய், வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டுச் சோதித்து, முத்திரை வாங்க வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு 1914-இல் உருவான சி.ஐ.பி. என்ற பொது அமைப்பு இருக்கிறது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். வீட்டில் குழல் மாட்டும் பேச்சே எழாது. அமெரிக்காவில் ப்ரூஃப் சட்டம் கிடையாது. ஸாமி சொல்வது உற்பத்தியாளர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட அளவு. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கண்ணில், குழலும் போல்டும் பொருந்தும் உடல்பகுதியான ரிசீவர்தான் துப்பாக்கி. குழல் ஓர் உதிரி பாகம், தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். ப்ரூஃப் ஹவுஸ் இருக்க வேண்டிய வெற்றிடத்தில் இரண்டு எஃகுத் துண்டுகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. முத்திரை குத்த வேறு யாரும் இல்லாத ஊரில் அவையே முத்திரை ஆயின.

தொழில்நுட்பமும் இதற்கு ஒத்தாசை செய்தது. பழைய முறைப்படி, மௌசர் 98-க்கோ ரெமிங்டன் 700-க்கோ குழல் போடுவதென்றால் லேத்தும் ரீமரும் அவற்றைக் கையாளத் தெரிந்த ஆளும் வேண்டும். குழல் ரிசீவரில் முட்டும் தோளைக் கடைந்து, அறையைக் கொஞ்சங்கொஞ்சமாக ஆழப்படுத்தி, நடுநடுவே கேஜ் வைத்துப் பார்த்து வேலையை முடிப்பார்கள். 1958-இல் வந்த சாவேஜ் 110 மாதிரியில் நிக்கலஸ் ப்ரூவர் என்ற வடிவமைப்பாளர் குழலின் பின்முனையில் ஒரு நட் வைத்தார். தொழிற்சாலையில் செலவைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. அறையின் ஆழத்தை மாற்ற வேண்டாம். குழலையே முன்பின் திருகி, கோ கேஜில் முட்டிய இடத்தில் நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதுவே வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கு வரமானது. இப்போது ரெமிங்டன் 700-க்கும் நட் வைத்து மாட்டுகிறார்கள். அதற்கு ரெமேஜ் என்று பெயர்.

எளிமையானது என்பதும் உண்மை, நுணுக்கமானது என்பதும் உண்மை. சாவேஜ் குழலின் மறையில் அங்குலத்துக்கு 20 புரி. ஒரு முழுச் சுற்றுக்குக் குழல் 0.050 அங்குலம் நகரும். அப்படியானால் கோவுக்கும் நோ-கோவுக்கும் நடுவே உள்ள 0.004 அங்குலம் என்பது 29 பாகைகூட இல்லை. கடிகார முகத்தில் மணி முள் ஒரு மணி நேரத்துக்கு நகரும் தூரத்தைவிடக் குறைவு. கோ கேஜில் குழலை முட்டவைத்துவிட்டு நட்டை இறுக்கும்போது, மறையில் இருக்கும் சிறு தளர்வு ஒரு பக்கமாக இழுபட்டுக் குழல் முன்னால் நகரும். இறுக்குவதற்கு முன் பார்த்த அளவும் இறுக்கிய பின் உள்ள அளவும் வேறு வேறு. ஆகையால் இறுக்கிய பிறகு மறுபடி கேஜ் போட்டுப் பார்க்காதவருடைய கேஜ் சோதனை, சோதனையே இல்லை. போல்டின் முகத்தில், சுட்ட கூட்டை வெளியே தள்ளும் ஸ்பிரிங் வைத்த எஜெக்டரைக் கழற்றாமல் பார்த்தாலும் அப்படித்தான். ஸ்பிரிங் கேஜை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும்; போல்ட் கனமாக மூடுவதை வைத்து அறை இறுக்கம் என்று எண்ணி ஏமாறலாம். இதெல்லாம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டம்: இத்தனையும் சரியாகச் செய்தவர்கூட அடுத்த மேசைக்குப் போய் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார்.

அடுத்த மேசை என்பது தோட்டா நிரப்பும் மேசை. வீட்டில் குழல் மாட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் சுட்ட கூட்டைப் பொறுக்கி வந்து மறுபடி பிரைமர், மருந்து, குண்டு வைத்துச் சுடுகிறவர்கள். சுட்ட கூடு அறையின் அளவுக்கு உப்பியிருக்கும். அதைப் பழைய அளவுக்கு அமுக்க, பிரஸ்ஸில் பொருத்திய டை என்ற அச்சுக்குள் செலுத்துவார்கள். டையை எப்படிப் பொருத்துவது? பெட்டியோடு வரும் தாளில் காலங்காலமாக அச்சாகும் யோசனை: டை கீழே ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை திருகு, பிறகு இன்னும் கால் சுற்றுவரை திருகு. டையின் மறையில் அங்குலத்துக்கு 14 புரி. கால் சுற்று என்றால் ஏறத்தாழ 0.018 அங்குலம். ஷெல் ஹோல்டர் முட்டி நிற்பதால் அது முழுவதும் கூட்டின் தோளுக்குப் போகாது. பிரஸ்ஸின் வளைவையும் ஆட்டத்தையும் தின்றுவிடும். ஆனால் அப்படித் திருகிய டை, கூட்டின் தோளைத் தன்னால் முடிந்த கடைசி அளவுக்குப் பின்னால் தள்ளிவிடும். எந்த அறையிலும் நுழையும் தோட்டா கிடைக்க வேண்டும் என்பதே அந்தத் தாளை எழுதியவரின் கவலை. உங்கள் அறை 1.631-இல் நிற்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு நாள் முழுக்கப் போராடி அறையை 1.631-க்குக் கொண்டுவருகிறார். கோ மூடுகிறது, நோ-கோ மூடவில்லை. அவர் டையோ கூட்டின் தோளை 1.625-க்குத் தள்ளுகிறது. அறைக்குள் 0.006 அங்குலம் ஆட்டம். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய ரைஃபிள் 1.636-இல் நிற்கிறது, நோ-கோவை விழுங்குகிறது. ஆனால் அவர் சுட்ட கூட்டை அளந்து, தோளை 0.002 மட்டும் தள்ளும்படி டையை நிறுத்தி வைத்திருக்கிறார். அவர் அறையில் ஆட்டம் 0.002. கேஜ் தேறியவரின் கூடு சில முறை சுட்டதும் வளையம் கண்டு பிரிகிறது. கேஜில் தோற்றவரின் கூடு நீடித்து உழைக்கிறது. முதல்வர் குழல் விற்ற கடைக்காரரைத் திட்டுவார், பித்தளையின் தரத்தைத் திட்டுவார், மறுபடி கேஜ் போட்டுப் பார்த்து ஹெட்ஸ்பேஸ் சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்புவார். தன் ஹெட்ஸ்பேஸைத் தானே ஒவ்வொரு முறையும் புதிதாக வைத்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் டையால் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றாது. கேஜ்தான் நற்சான்று கொடுத்துவிட்டதே.

நோ-கோவை விழுங்கும் புதுக் குழல் பரவாயில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். புதிதாக மாட்டும்போது கோவுக்கு ஒட்டியே நிறுத்த வேண்டும். கடைத் தோட்டாவைச் சுடுகிறவருக்குக் கழித்தலின் ஒரு பாதி மட்டும்தான் கையில் இருக்கிறது, அதைச் சுருக்கி வைப்பதே புத்தி. ஃபீல்டு கேஜையும் விழுங்கும் துப்பாக்கியை எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். நான் கேட்பதெல்லாம், மூடியது, மூடவில்லை என்ற இரண்டு சொற்களில் சிந்தனையை மூடிவிடாதீர்கள் என்றுதான்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், கேட்கத்தக்க மறுப்பு. உலகப் படைகளெல்லாம் நூறாண்டுக்கு மேலாக இந்தக் கேஜை நம்பித்தானே கோடிக்கணக்கான ரைஃபிள்களைப் படைவீரன் கையில் கொடுத்தன என்பார்கள். கொடுத்தன. ஆனால் படைவீரன் கூட்டைப் பொறுக்கி மறுபடி நிரப்புவதில்லை. அவனுடைய தோட்டா ஒரே முறை சுடப்படும். இழுபட்ட கூடு குப்பைக்குப் போகும். ஒரே முறை இழுபடுவதைப் பித்தளை தாராளமாகத் தாங்கும் என்ற கணக்கில் வைத்த இடைவெளி அது. இன்னொன்று, ஆயுதச் சாலையில் கேஜ் என்பது நீண்ட வரிசையில் ஒரு நிறுத்தம். எஃகைச் சோதித்தார்கள், போல்டைப் பூட்டும் லக் இரண்டும் ஒத்துப் பதிகின்றனவா என்று பார்த்தார்கள், ப்ரூஃப் தோட்டா சுட்டார்கள். வரிசையிலிருந்து ஒரு நிறுத்தத்தை மட்டும் பிய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, படையின் நம்பிக்கையையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டதாக நினைப்பது நியாயமில்லை.

அந்த வரிசை முழுவதுமே ஏமாந்த கதையும் உண்டு. அமெரிக்கப் படையின் 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில், முதல் உலகப் போர்க் காலத்தில், ரிசீவர்கள் உடைந்து சிதறின. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் 8,00,000-க்குக் குறைந்த எண் கொண்டவை, ராக் ஐலண்டில் 2,85,507-க்குக் குறைந்த எண் கொண்டவை இன்றுவரை சந்தேகத்துக்குரியவை. ஜூலியன் ஹாட்சர் என்ற படைத் தளவாட அதிகாரி தன் குறிப்பேட்டுப் புத்தகத்தில் காரணத்தைப் பதிந்திருக்கிறார். உலையில் எஃகு எவ்வளவு பழுத்தது என்பதைத் தொழிலாளர்கள் கண்ணால், நிறத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். வெயில் நாளில் ஒரு நிறம், மேகமூட்டத்தில் ஒரு நிறம். அதிகமாகக் கருகிய எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்கியது. இந்த ரைஃபிள்களெல்லாம் கேஜும் தேறியவை, ப்ரூஃபும் தேறியவை. துப்பாக்கி வெடித்தது என்றதும் ஹெட்ஸ்பேஸ்தான் காரணம் என்று தலையாட்டுகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். அளவு மீறிய ஹெட்ஸ்பேஸின் வழக்கமான விளைவு பிய்ந்த கூடும் பின்னால் கசியும் வாயுவும். ரிசீவரே சிதறிய விபத்துகளில் பெரும்பாலும் தவறான தோட்டா, அடைபட்ட குழல், அளவு மீறிய மருந்து, கெட்ட எஃகு என்று வேறு குற்றவாளி இருப்பான். பயம் தவறான இடத்தில் குவிந்துவிட்டதால்தான் அந்த ஓர் இடத்தைக் கேஜால் அடைத்ததும் மற்ற வாசல்கள் கண்ணில் படாமல் போகின்றன.

அந்த வாசல்களில் ஒன்று மிகச் சமீபத்தியது. ஏ.ஆர்-15 வகையில் .223 குழலை எடுத்துவிட்டு .300 பிளாக்அவுட் குழல் மாட்டுவது இப்போது வெகு பிரபலம். போல்டும் ஒன்றே, மேகசினும் ஒன்றே. இரண்டு வகைத் துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருக்கும். .300 தோட்டா சில நேரம் .223 அறைக்குள்ளும் நுழைந்துவிடும்; .30 குண்டு .22 துளைக்குள் போக வழியில்லை, துப்பாக்கி சிதறும். இரண்டு துப்பாக்கிக்கும் ஹெட்ஸ்பேஸ் அச்சுப் பிசகாமல் இருக்கலாம். மேகசினில் வண்ண நாடா சுற்றி அடையாளம் வைத்துக்கொள்வது இங்கே எந்தக் கேஜையும்விடப் பெரிய பாதுகாப்பு.

கேஜ் சரியாகச் சொல்லியும் பயனில்லாத தோட்டா வகைகளும் உண்டு. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்த .375-இன் வழியில், பெல்ட் வைத்த மேக்னம் தோட்டாக்கள் ஒரு குடும்பமாகவே பெருகின. 1962-இன் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமும் 1963-இன் .300 வின்செஸ்டர் மேக்னமும் அந்தக் குடும்பம்தான். இவற்றின் கேஜ் பெல்ட்டை மட்டும் பார்க்கும். அறையின் தோள் எங்கே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பெல்ட் கச்சிதமாக உட்கார்ந்திருக்க, தோளுக்கு முன்னால் தாராளமாக இடம் காலியாக இருக்கலாம். தாளில் எழுதியபடி டையைத் திருகுகிறவர், ஒவ்வொரு முறையும் தோளை அந்தக் காலி இடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு முறையும் பித்தளையை இழுக்கவைப்பார். மேக்னம் கூடு சீக்கிரம் பிரிந்துவிடும் என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

.303 கதை இதைவிட வேடிக்கை. அந்தத் தோட்டாவைச் சுடும் லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் அறையைப் போர்க்களத்துச் சேறும் மட்டமான தோட்டாவும் உள்ளே போய் மூட வேண்டும் என்று தாராளமாகவே வெட்டினார்கள். கேஜ் பார்ப்பது விளிம்பை: 0.064 அங்குலத்திலிருந்து 0.074 வரை. நான்காம் எண் மாதிரியில் போல்டின் தலையைக் கழற்றி மாற்றலாம். 0, 1, 2, 3 என்று அளவு குறித்த தலைகள் வந்தன. கூடு பிரிகிறதா, 3-ஆம் எண் தலையைத் தேடிப் பிடித்துப் போடு என்பது இன்றும் வேதவாக்கு. அதற்காக ஏலத்தில் அநியாய விலை கொடுக்கிறார்கள். தலை மாற்றினால் விளிம்புப் பக்கத்து இடைவெளி குறையும், உண்மைதான். தோளுக்கு முன்னால் உள்ள பெரிய வெளி அப்படியே இருக்கும். டை அப்படியே இருக்கும். சுட்ட கூட்டின் தோளைப் பின்னுக்குத் தள்ளாமல் கழுத்தை மட்டும் அமுக்கி, அடுத்த முறை தோட்டா தன் தோளிலேயே முட்டி நிற்கும்படி செய்தால், அதே பழைய தலையோடு அதே கூடு பலமுறை உழைக்கும். விளிம்புத் தோட்டாவையும் தோளில் நிறுத்தலாம் என்பது கேஜைத் தெய்வமாக்கியவருக்கு ஏறாத பாடம்.

சரி, கேஜ் தேறிய பின் என்ன செய்வது? புதுக் குழலில் கடைத் தோட்டா சிலவற்றைச் சுட வேண்டும். கண்ணாடி அணிந்துகொண்டு, ஒவ்வொன்றாக. கூட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்: பிரைமர் பின்னால் துருத்தியிருக்கிறதா, அடிக்கு மேலே பளபளக்கும் வளையம் தெரிகிறதா, உப்பல் ஒரு பக்கமாக இருக்கிறதா. காலிப்பரில் மாட்டும் தோள் அளவி ஒன்று வாங்கி, சுடுவதற்கு முன்பும் பின்பும் அந்தக் கூடுகளை அளந்தால், கழித்தலின் இரண்டு பாதியும் முதன்முறையாக ஒரே தாளில் வந்து உட்காரும். போல்டின் லக்கில் மை பூசி மூடித் திறந்தால் இரண்டு லக்கும் பாரம் ஏந்துகின்றனவா, ஒன்று சும்மா நிற்கிறதா என்பது தெரியும். பிறகு டையை அந்தக் கூட்டுக்கு ஏற்றபடி நிறுத்த வேண்டும், தோள் 0.001 அல்லது 0.002 அங்குலம் பின்னால் போனால் போதும், தாளில் இருக்கும் கால் சுற்றை மறந்துவிடலாம். நுனி வளைத்த மெல்லிய கம்பி ஒன்று மேசைமேல் இருக்கட்டும்; மருந்து நிரப்புமுன் கூட்டுக்குள் விட்டு அடிப்பக்கச் சுவரைத் தடவினால், பள்ளம் இருந்தால் நுனி தட்டும். தட்டிய கூட்டை நசுக்கிக் குப்பையில் போட வேண்டும்.

சில நூறு தோட்டா சுட்ட பிறகு அதே கோ, நோ-கோ கேஜை மறுபடி எடுங்கள். முதல் நாள் மூடாத நோ-கோ இப்போது மூடினால் ஏதோ நகர்ந்திருக்கிறது: நட் தளர்ந்திருக்கலாம், இல்லையேல் மென்மையான ரிசீவரில் லக் அமுங்கியிருக்கலாம். பழைய, மென்மையான எஃகு கொண்ட மௌசர் ரிசீவர்களில் புதுக் காலத்துத் தோட்டாவுக்குக் குழல் போட்டவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். நட் தளர்ந்திருந்தால் எஜெக்டரைக் கழற்றி, கோ கேஜிலிருந்து வேலையை மறுபடி தொடங்கலாம். லக் அமுங்கியிருந்தால் குழலை இன்னும் உள்ளே திருகி அளவைச் சரிக்கட்டுவது மோசடி, அந்த ரிசீவர் ஓய்வு கேட்கிறது.